ஆர்டருக்குச் சுட்டவன் கடை போட்டுச் சூடுபட்ட கதை

போன மாதம் கடையநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்திருந்தான். கல்யாண வீடுகளுக்குப் போய் கிரில் கோழி போட்டுக் கொடுக்கிறவன், நல்ல கைப்பக்குவம். "அண்ணே, ரோட்டு மேல ஒரு இடம் வருது, உட்கார்ந்து சாப்பிடுற மாதிரி கடை போடலாம்னு இருக்கேன், நீங்க போட்டவங்க, ஒரு வார்த்தை சொல்லுங்க" என்றான். ஒரு வார்த்தை ராத்திரி 12 மணி வரைக்கும் போனது. அவன் கிளம்பின பிறகு, எனக்கு இதை யாராவது 2023 மார்ச்சில் சொல்லியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. ஊரில் கேட்கிறவர்களிடம் "இடம் ராசியில்லை" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருந்தேன். இடத்தின் மேல் பழி போடுவதை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

என் கதை சுருக்கமாக இதுதான். ஷார்ஜாவில் 7 வருஷம் கிரில் கடையில் நின்றேன். 2016-ல் செங்கோட்டைக்குத் திரும்பி வந்து, வெல்டிங் பட்டறையில் இரும்பு டிரம்மை நீளவாக்கில் அறுத்து இரண்டு அடுப்பு செய்துகொண்டேன். முதல் ஆர்டர் சித்தப்பா மகள் ரிசப்ஷன். அதில் சாப்பிட்டவர்கள் மூலமாக அடுத்தது, அதிலிருந்து அடுத்தது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த ஊர் இது, இரண்டு பக்கமும் சொந்தபந்தம் கிடக்கிறது. அதனால் தென்காசி, குற்றாலம் ரிசார்ட் பார்ட்டிகள் ஒரு பக்கம், கேரளாவில் ஆரியங்காவு, தென்மலை, புனலூர் ஒரு பக்கம் என்று ஆர்டர் வந்தது. மலையாளிகளுக்குக் கல்யாணத்துக்கு முந்தின ராத்திரி, அவர்கள் 'தலேன்னு' என்று சொல்வது, அதுதான் பெரிய கொண்டாட்டம். அந்த ராத்திரிக்கு வீட்டு முற்றத்தில் கிரில் புகை வந்தால்தான் அவர்களுக்குத் திருப்தி. மாதம் சராசரியாக 3 ஆர்டர், ஒவ்வொன்றும் 150 பேர், தலைக்கு 300 ரூபாய். செலவெல்லாம் போக தலைக்கு 90 நிற்கும். ஆக மாதம் 40,000. பெரிய பணமில்லை என்றாலும் கடன் இல்லாத பணம். மற்ற நாளெல்லாம் வீட்டிலிருப்பேன், பிள்ளைகளைப் பள்ளியில் கொண்டுபோய் விடுவேன். அந்த நாட்களின் அருமை அப்போது தெரியவில்லை.

ஆசை எப்படி வந்தது என்றால், குற்றாலம் சீசனில், செங்கோட்டைக்குப் பக்கத்தில் பரோட்டாக் கடைகளுக்குப் பேர்போன பிரானூர் பார்டர் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஜூன், ஜூலை, ஆகஸ்டில் சாரல் அடிக்கும்போது அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையோடு கூட்டம் கூட்டமாக வந்து பரோட்டாவுக்கும் கோழிக்கும் காத்து நிற்பார்கள். அதைப் பார்த்து நிற்கிற எவனுக்கும் கை அரிக்கும். என் மைத்துனர் வேறு, "மச்சான், உங்க கைக்கு ஊர் ஊரா அலையுறதா, ஒரே இடத்துல உட்காருங்க, ஜனம் தேடி வரும்" என்று ஏற்றிவிட்டார். ஒரு ராத்திரி மகளின் கணக்கு நோட்டுப் பின்பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். 40 இருக்கை, ஒரு சாயங்காலத்துக்கு 3 சுற்று, ஆளுக்கு 200 ரூபாய், ஒரு நாளைக்கு 24,000. இந்தக் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, ஆட்கள் வரவேண்டும் என்ற ஒன்றைத் தவிர. நீங்களும் இப்படி ஒரு நோட்டில் எழுதிப் பார்ப்பவராக இருந்தால், வரும்படியை எழுதுவதற்கு முன்னால் கடை திறந்தாலும் திறக்காவிட்டாலும் போகும் பணத்தை முதலில் எழுதுங்கள். என் கடைக்கு வாடகை 30,000, ஆள் சம்பளம் 83,000, கரண்டும் சில்லறையும் 16,000. நாளைக்கு 4,300 ரூபாய். 100 ரூபாய்க்கு விற்றால் கோழி, எண்ணெய், கரி, மசாலா போக 45 ரூபாய் நின்றது. அப்படியானால் நாளைக்கு 9,500 ரூபாய்க்கு விற்றால்தான் நஷ்டமில்லாமல் ஷட்டரை இறக்கலாம். இந்த 9,500 என்ற எண்ணை நான் கண்டுபிடித்தது கடை திறந்து நான்காவது மாதம். சிரிக்காதீர்கள்.

இடம் கொல்லம் ரோட்டிலேயே கிடைத்தது. மூன்று லட்சம் அட்வான்ஸ், 11 மாத அக்ரிமெண்ட். மார்ச் நடுவில் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே வாடகை ஓட ஆரம்பித்துவிட்டது. மே கடைசிக்குள் வேலை முடிந்து சீசனுக்குத் திறந்துவிடலாம் என்று நினைத்தேன், திறந்தது ஜூலை நடுவில். நான்கு மாத வாடகை 1,20,000 ரூபாய், ஒரு கோழிகூடச் சுடாமல் போனது. உள்ளே வேலை முடிகிற இரண்டு மாதத்துக்கு வாடகை வேண்டாம் என்று கேட்டிருந்தால் ஓனர் அண்ணாச்சி ஒருவேளை ஒத்துக்கொண்டிருப்பார். கேட்கவே எனக்குத் தோன்றவில்லை. கேளுங்கள், கேட்டதை அக்ரிமெண்டில் எழுதி வாங்குங்கள்.

தாமதத்துக்குப் பெரிய காரணம் புகை. முற்றத்திலும் தோப்பிலும் சுட்டுப் பழகியவனுக்குப் புகை எங்கே போகும் என்ற யோசனையே இருக்காது, அது பாட்டுக்கு வானத்துக்குப் போகும். கட்டிடத்துக்குள் கரி அடுப்பு வைத்தால் புகைக்குக் குழாய் போட்டு, ஃபேன் வைத்து, மேலே தூக்கி விடவேண்டும். எனக்கு மேல் மாடியில் ஒரு குடும்பம் குடியிருந்தது. முதல் நாள் சோதனைக்குப் பற்றவைத்ததிலேயே அவர்கள் காயப்போட்ட துணியெல்லாம் கோழி வாசம். அந்த அம்மா இறங்கி வந்து என்னைக் கேட்ட கேள்வி நியாயமானதுதான். குழாயை மொட்டை மாடிக்கும் மேலே 8 அடி உயர்த்த வேண்டியதாயிற்று, எக்ஸாஸ்ட் வேலை மட்டும் 1,90,000. அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் ஒரு வெல்டிங் ஆளையும் ஒரு எலெக்ட்ரீஷியனையும் கூட்டிப்போய், குழாய் எந்த வழியாகப் போகும், கரண்ட் லோடு போதுமா, இணைப்பு வணிக இணைப்புதானா என்று பார்த்துவிடுங்கள். ஐநூறு ஆயிரம் கூலி போகட்டும்.

உணவுப் பாதுகாப்புப் பதிவிலும் ஒரு கூத்து நடந்தது. வருஷத்துக்கு 100 ரூபாய் கட்டின பதிவை வைத்தே நான் ஆர்டர் காலமெல்லாம் ஓட்டியிருந்தேன். அது அந்தச் சமயத்தில் வருஷ விற்பனை 12 லட்சத்துக்குள் இருந்தவர்களுக்கானது. என்னுடையது 16 லட்சத்தைத் தொட்டிருந்தது, அப்போதே லைசென்ஸ் எடுத்திருக்க வேண்டும். கடைக்கு வந்து பார்த்த அதிகாரி நல்லபடியாகச் சொல்லி எடுக்க வைத்தார். மொத்தத்தில் டைல்ஸ், டேபிள், ஃப்ரீஸர், கை கழுவுமிடம், போர்டு, எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்த்து 8,60,000. அட்வான்ஸ், சும்மா கொடுத்த வாடகை இரண்டையும் கூட்டினால் 12,80,000. சேமிப்பு 5 லட்சம், வீட்டில் இருந்த நகையை வைத்து நாலரை லட்சம், மிச்சம் மைத்துனர் கொடுத்தது.

திறந்த முதல் ஒரு மாதம் நன்றாகவே போனது. ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை 31,000 விற்றது. அன்றைக்கு ராத்திரி கல்லாப்பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்து பாயில் கொட்டி நானும் மனைவியும் எண்ணினோம். அதை வைத்து மீதி மாதங்களைக் கணக்குப் போட்டதுதான் கோளாறு. செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட பள்ளிக்கூடப் பிள்ளை ஒன்று இறந்துபோனது. மாநிலம் முழுக்கச் சோதனை நடந்தது, வீட்டுக்கு வீடு "கிரில், ஷவர்மா பக்கம் போகாதே" என்று பிள்ளைகளைத் தடுத்தார்கள். பெற்றவர்களை நான் குறை சொல்ல மாட்டேன், எனக்கும் பிள்ளைகள் இருக்கின்றன. அதே வாரத்தில் புரட்டாசியும் பிறந்தது. வாரநாளில் 2,000 ரூபாய்க்கு விற்ற நாளெல்லாம் உண்டு.

இதெல்லாம் வெளியிலிருந்து வந்த அடி. உள்ளே இருந்த அடியைப் பற்றித்தான் முக்கியமாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் நாமக்கல் சம்பவம் நடக்காமல் இருந்திருந்தாலும் அது என்னைத் தின்றிருக்கும். ஆர்டருக்குப் போகும்போது எத்தனை மணிக்குப் பந்தி என்று தெரியும். 6 மணிக்குக் கரியைப் பற்றவைத்தால் 7 மணிக்குச் சாம்பல் பூத்துத் தணல் பதமாக இருக்கும், உடனே கோழி ஏறும், பத்து மணிக்கு எல்லாம் முடிந்து அடுப்பில் தண்ணீர் தெளித்துவிடலாம். 150 பேருக்கு 30 கிலோ கரி. கடையில் 6 மணிக்கு ஒருத்தர் வந்து அல்ஃபாம் (அரபு முறையில் தணலில் சுட்ட கோழி) கேட்டால் அப்போதே தணல் வேண்டும். அவர் சாப்பிட்டுப் போய் எட்டு மணி வரைக்கும் ஈ காக்கை வராவிட்டாலும் தணலைச் சாகவிட முடியாது. வாரநாளில் 25 பேர் சாப்பிட 14 கிலோ கரி எரிந்தது. ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வரும் சீமைக் கருவேலக் கரி, கிலோ 40 ரூபாய். கரிக்காசு கூடப் பரவாயில்லை. காலையில் மசாலா தடவி ஊறவைத்த கோழியில் பாதி ராத்திரி மிஞ்சும், மறுநாள் அதற்கு அந்த ருசி இருக்காது, மூன்றாம் நாள் தூக்கித்தான் போடவேண்டும். ஆர்டரில் புதன்கிழமை தலை எண்ணிக்கை வரும், வியாழக்கிழமை பாதிப்பணம் வரும், அந்தப் பணத்தில்தான் கோழியே வாங்குவேன். கடையில் என் பணத்தில் கோழி வாங்கி, ஊறவைத்து, நெருப்பும் மூட்டி வைத்துவிட்டு ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். கைவேலை ஒன்றுதான், பிழைப்பு வேறு.

இன்னொன்று நேரம். பச்சைக் கோழி அரையைத் தணலில் ஒழுங்காகச் சுட 35, 40 நிமிஷம் ஆகும். கல்யாண வீட்டில் அந்த 40 நிமிஷம் விருந்தாளிகள் பேசிக்கொண்டு நிற்பார்கள், சுடுவதை வேடிக்கை பார்ப்பார்கள், அதுவே ஒரு நிகழ்ச்சி. டேபிளில் உட்கார்ந்தவன் 15 நிமிஷம் பார்ப்பான், அப்புறம் எழுந்து பிரானூருக்கு வண்டியை விட்டுவிடுவான். ஒரு தடவை கொல்லத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், 9 பேர், தண்ணீர் மட்டும் குடித்துவிட்டு எழுந்து போனார்கள். அந்தப் பெரியவர் போகும்போது "ஒன்னும் விசாரிக்கண்டா மோனே, குட்டிகளுக்கு விசக்குன்னு" என்றார், தப்பாக நினைக்காதே மகனே, பிள்ளைகளுக்குப் பசிக்கிறது என்று. அவர் திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. பார்டர் கடைகளில் பரோட்டாக் கல் ஓயாமல் ஓடும், சால்னா கொதித்துக்கொண்டே இருக்கும், உட்கார்ந்த இரண்டாவது நிமிஷம் இலையில் ஏதாவது விழுந்துவிடும். அதைப் பத்து வருஷமாகச் சாப்பிட்டும் நான் கவனிக்கவில்லை. பாதி வேகவைத்து எடுத்து வைத்துக்கொண்டு கேட்கும்போது சூடு காட்டலாம் என்று சிலர் சொன்னார்கள். அது வறண்டு போவதோடு, அரைவேக்காட்டில் வெளியே கிடக்கும் கோழியைவிட ஆபத்தான சாமான் வேறு இல்லை, அந்தப் பக்கம் போகாதீர்கள். நான் தாமதமாகச் செய்த ஒரு நல்ல காரியம், அடுப்புக்குக் குறுக்கே தகடு வைத்து மூன்றாகப் பிரித்தது. வாரநாளில் ஒரு பங்கு மட்டும் எரியும். கரி 14 கிலோவிலிருந்து 6 கிலோவுக்கு இறங்கியது. கூடவே பரோட்டாவும் முட்டை அயிட்டமும் போட்டேன். முதல் நாளே செய்திருக்க வேண்டியவை.

ஆட்கள் விஷயத்தில் நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. பரோட்டா மாஸ்டர் 25,000 முன்பணம் வாங்கினார், 18 நாள் வேலை பார்த்தார், ஒரு திங்கட்கிழமை போன் சுவிட்ச் ஆஃப். ஹோட்டல் நடத்துகிற எல்லாருக்கும் இந்தக் கதை உண்டு.

ஆனால் ஆர்டரை இழந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். கடைக்குக் கூட்டம் வருவது சனி, ஞாயிறு. கல்யாண ஆர்டரும் சனி, ஞாயிறு. சுடத்தெரிந்த கை என் கை ஒன்றுதான். இந்தச் சின்ன விஷயம் கடை திறக்கும்வரை எனக்கு உறைக்கவில்லை. முதல் மூன்று மாதத்தில் 5 ஆர்டரை வேண்டாம் என்று சொன்னேன். டிசம்பரில் புனலூர்ப் பக்கம் ஒரு தலேன்னு, ரொம்ப வருஷப் பழக்கமான வீடு, மறுக்க முடியாமல் என் உதவியாளப் பையனை அனுப்பினேன். பாவம், 180 பேர் சுற்றி நின்று அவசரப்படுத்தியதில் தீயைக் கூட்டிவிட்டான், மேலே கருகி, தொடை எலும்பு ஓரம் ரத்தம். ராத்திரி 11 மணிக்கு அந்த வீட்டு இக்கா (அண்ணன்) போன் பண்ணினார். கத்தவில்லை. "நீ வரும்னு விசாரிச்சு" என்றார், நீ வருவாய் என்று நினைத்தேன் என்று. பாக்கிப் பணத்தை நான் வாங்கவில்லை. அதற்கு அப்புறம் புனலூரிலிருந்து ஒரு வருஷத்துக்கு ஓர் ஆர்டரும் வரவில்லை. இப்போது பையனிடம் ஒரு தெர்மாமீட்டர் கொடுத்திருக்கிறேன், கிட்டத்தட்ட ஆயிரம் ரூபாய்தான். தொடையின் தடித்த இடத்தில் எலும்பில் படாமல் குத்திப் பார்த்து 74 டிகிரி காட்டினால்தான் தட்டுக்குப் போகும். கையால் அழுத்திப் பார்த்தே சொல்வேன் என்ற திமிரில் இதை இத்தனை வருஷம் வாங்காமல் இருந்தேன்.

அந்தப் புனலூர் ஆர்டர் இன்னொரு வேட்டும் வைத்தது, மாநில எல்லையில் தொழில் செய்கிறவர்கள் இதைக் கவனித்துப் படியுங்கள். கடையும் ஆர்டரும் சேர்ந்து வருஷத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும் என்பதால் ஜிஎஸ்டி எடுத்தேன். யாரோ சொன்னார்கள் என்று சின்ன வியாபாரிகளுக்கான காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டினால் போதும், பேப்பர் வேலை குறைவு. வரி ஹோட்டலுக்கு 5 சதவீதம், அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்க முடியாது, நம் கையிலிருந்துதான் கட்டவேண்டும். அதுகூடச் சரி. ஆனால் இந்தத் திட்டத்தில் இருப்பவர் வேறு மாநிலத்துக்கு சப்ளை செய்யக்கூடாது. கேட்டரிங்கைப் பொறுத்தவரை சாப்பாடு எங்கே பரிமாறப்படுகிறதோ அதுதான் சப்ளை நடந்த இடம். புளியரை செக்போஸ்ட் தாண்டிப் போய்க் கோழி சுட்டால் அது வெளிமாநில சப்ளை. ஜனவரியில் கணக்கு கொடுக்கப் போனபோது ஆடிட்டர் பில் புத்தகத்தைப் புரட்டி, "இதென்ன புனலூர்?" என்று கேட்டார். கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார், அப்போதே புரிந்துவிட்டது. திட்டத்திலிருந்து வெளியே வந்து, வட்டி, தாமதக் கட்டணம், அவர் கூலி எல்லாம் சேர்த்து 27,000. 50 கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர், எங்கள் பேச்சில் அது பக்கத்து ஊர். சட்டத்துக்கு வேறு மாநிலம். பதிவு செய்யும் முன்பே ஆடிட்டரிடம் "நான் கேரளாவுக்கும் போவேன்" என்று வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

கார்த்திகை பிறந்ததும் ரோடு நிறைய வண்டி. அச்சன்கோவில், ஆரியங்காவு, சபரிமலை என்று மாலை போட்டவர்கள் ராப்பகலாகப் போகிறார்கள். கடை வாசலில் நின்று பார்த்தால் ஆயிரக்கணக்கில் ஜனம், ஒருத்தரும் இறங்க முடியாத கடை என்னுடையது. பனீர், காளான், சோளக்கதிர் என்று சைவ கிரில் போர்டு வைத்துப் பார்த்தேன். ஒரு குருசாமி உள்ளே எட்டிப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "சாமி சரணம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அதே அடுப்பில் கோழி சுடுகிறவன் சைவம் போட்டால் அவர் எப்படிச் சாப்பிடுவார், என் புத்தியைத்தான் சொல்லவேண்டும். இந்த ஊரில் அசைவக் கடை போடுகிறவர்கள் புரட்டாசி ஒரு மாதம், கார்த்திகை முதல் தை முதல் வாரம் வரை இரண்டு மாதம், ஆக மூன்று மாதத்தைக் கணக்கிலிருந்து அடித்துவிட்டு மீதி 9 மாதத்தில் 12 மாத வாடகையைக் கட்ட முடியுமா என்று பாருங்கள்.

பிப்ரவரியில் அக்ரிமெண்ட் முடிந்தபோதே நிறுத்தியிருந்தால் நாலைந்து மாத நஷ்டம் மிச்சம். "ஒரு முழு சீசன் பார்க்காமல் விடுவதா" என்ற பிடிவாதம். மனைவி வேண்டாம் என்றுதான் சொன்னாள், நான் கேட்கவில்லை. 2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் வந்து ஒரு பையனை அடித்துக்கொண்டு போனது, அருவிகளில் குளிக்கத் தடை போட்டார்கள். அதற்கப்புறம் சீசன் வந்தது, கூட்டமும் வந்தது, ஆனால் எனக்குக் கையில் கோழி வாங்கக் காசில்லை, மனசிலும் தெம்பில்லை. ஜூலை கடைசியில் ஷட்டரை இறக்கினேன். அட்வான்ஸில் பெயிண்ட், தரை என்று 60,000 பிடித்தார்கள். சாமான்களை விற்றதில் 2,30,000 வந்தது. ஓட்டத்தில் விட்டது 4 லட்சத்துக்கு மேல். எல்லாம் கூட்டினால் 12 லட்சம் சொச்சம், ஆர்டர் வருமானம் போனதைச் சேர்க்காமல். இரண்டு மாதம் நான் கறி வாசம் பட்டாலே எழுந்து போய்விடுவேன். கல்யாண வீடுகளுக்கும் போகவில்லை, யாராவது கேட்பார்களே என்று.

இப்போது பழையபடி டிரம் அடுப்பு, பழையபடி ஆர்டர். சனி, ஞாயிறு ஆர்டர் இல்லாத வாரத்தில் வீட்டு முன்னால் பார்சல் மட்டும் போடுகிறேன், மதியத்துக்குள் வாட்ஸ்அப்பில் சொல்பவர்களுக்குத்தான், 30 கோழி முடிந்தால் முடிந்தது. கடை போட நினைக்கிற அந்தத் தம்பிக்கும் இதைத்தான் சொன்னேன், முதலில் ஆறு மாதம் இப்படிப் போட்டுப் பார், புரட்டாசியில் எத்தனை கோழி போகிறது என்று எழுதி வை, உன்னைத் தவிர இன்னொரு கை உன் பதத்துக்குச் சுடப் பழகட்டும், அப்புறம் அந்த ரோட்டு மேல் இடத்தைப் பற்றிப் பேசலாம் என்று. அவன் தலையாட்டினான், கேட்டுக்கொண்டானா என்று தெரியவில்லை, நானும் அப்படித்தான் எல்லாருக்கும் தலையாட்டினேன். நகையில் இரண்டு வளையல் மட்டும் இன்னும் பேங்கில் இருக்கிறது. புனலூர் இக்கா போன மாதம் தம்பி மகன் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், "நீ தன்னெ வரணம்", நீயேதான் வரவேண்டும் என்ற நிபந்தனையோடு. எக்ஸாஸ்ட் ஹூட் மட்டும் விற்கவில்லை, ஆறடி நீளம், நல்ல எஸ்எஸ் தகடு, வீட்டுப் பின்னால் கோழிகள் அதற்கடியில் மழைக்கு ஒதுங்குகின்றன. அந்தத் தம்பி போகும்போது அதைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனான்.